அசையாத அம்மா

அத்தியாயம் 14

பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடிந்து அண்ணி வீட்டுக்குள் நுழையும்போது சனிக்கிழமை காலை ஒன்பதரை. குனிந்து செருப்பைக் கழற்றத் தெம்பில்லை. ஒரு கால் விரலால் மறு காலின் வாரைத் தள்ளிவிட்டு, சுவரைப் பிடித்தபடி இரண்டு நிமிடம் அப்படியே நின்றாள்.

வீட்டில் அவளுக்கு அண்ணி என்றுதான் பெயர். நாத்தனார் கூப்பிட்டுக் கூப்பிட்டு, தெருமுனை மருந்துக்கடைக்காரருக்குக்கூட அவள் அண்ணி ஆகிவிட்டாள். வேலை, பெரிய மருத்துவமனையில் நெட்வொர்க் பார்ப்பது. ஸ்கேன் அறையிலிருந்து டாக்டர்கள் அறைக்குப் படம் போகவில்லை என்று இரவு முழுக்க மாடிக்கும் கீழுக்கும் அலைந்திருந்தாள். கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்ட மாதிரி இருந்தது.

கணவன் லாரியோடு கிளம்பி மூன்று நாள் ஆகிறது. வருவதற்கு இன்னும் நான்கு நாள். கட்டில் முழுக்கத் தனக்குத்தான் என்ற நினைப்பே பாதித் தூக்கத்தைக் கொண்டுவந்தது.

ஆனால் சனிக்கிழமையில் அந்த வீட்டில் யாருக்கும் தூக்கம் கிடையாது.

சின்னியின் அறையில் தையல் மெஷின் ஓடவில்லை. அதுதான் முதலில் உறைத்தது. கணவனின் தங்கை சின்னி, கடைகளுக்கு உடுப்புகளை அளவு திருத்தித் தருகிறவள். விடிந்தால் மெஷின் ஓட ஆரம்பித்துவிடும். விவாகரத்தாகி ஒன்றரை வருடத்தில் அவள் அழுததை யாரும் கேட்டதில்லை. மெஷின் சத்தத்தைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

அவளுடைய ஏழு வயது மகள் பொம்மி, அப்பாவிடம் இருக்கிறாள். சனிக்கிழமைதோறும் நாலு மணியிலிருந்து நாலரை வரை வீடியோவில் அம்மாவோடு பேசலாம் என்று குடும்ப நீதிமன்றம் சொல்லியிருந்தது. நாலைந்து மாதம் நன்றாகத்தான் போயிற்று. பல் விழுந்தது, பள்ளிக்கூடத்தில் ஓடி ஜெயித்தது என்று எல்லாம் பேசுவாள். ஐந்து வாரமாக என்னவோ ஆகிவிட்டது. அழைத்த ஐந்தாவது நிமிடம் குழந்தை வாயை மூடிக்கொள்கிறாள். கேட்டால் பதில் இல்லை, கொஞ்சினால் சிரிப்பில்லை.

போன வாரம் எதிர்த்தரப்பு வக்கீலிடமிருந்து கடிதம் வந்துவிட்டது. இந்த அழைப்புகளால் குழந்தை மனம் நொந்துபோகிறாள், இனி மாதம் ஒருமுறை போதும், சம்மதமென்றால் கையெழுத்திட்டுத் திங்கட்கிழமைக்குள் அனுப்பவும்.

அண்ணி அறைவாசலில் நின்றாள். சின்னி மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஊசிக்கடியில் துணி இல்லை. மேசைமேல் அந்தக் கடிதம்.

"கையெழுத்துப் போட்டுட்டேன் அண்ணி."

"என்னது?"

"இன்னிக்குக் கூப்பிடவும் போறதில்ல. குழந்தைக்குப் பிடிக்காததை ஏன் செய்யணும்? வாராவாரம் நான் போய் அது முன்னாடி நின்னு, அதை அழவிட்டு... போதும்."

"யாரு சொன்னா பிடிக்கலன்னு?"

"அவளே சொன்னா." சின்னி திரும்பவில்லை. "உங்ககிட்ட சொல்லல. போன வாரம் நான் வாய் வலிக்கப் பேசிக்கிட்டிருக்கேன். இவ அவங்கப்பா இருந்த பக்கம் திரும்பி, 'அம்மாவுக்கு என்கூடப் பேசப் பிடிக்கல'ங்கிறா. நான் பேசிக்கிட்டே இருக்கும்போதே சொல்றா! சொல்லிக் குடுத்திருக்காங்க. இல்லேன்னா அந்த வாயிலேருந்து அப்படி ஒரு பேச்சு வருமா?"

அண்ணி கதவுநிலையில் சாய்ந்துகொண்டாள். நிற்கவே முடியாதவளுக்கு ஆறுதல் எங்கிருந்து வரும்?

"நெட்டு ஏதாவது..." என்று இழுத்தாள்.

"நீங்கதானே பாத்துட்டு நல்லா இருக்குன்னு சொன்னீங்க."

சொன்னதுதான். இரண்டு வாரம் முன்பு சின்னி கேட்டபோது, பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தாள். பொம்மியின் சட்டைப் பொத்தான்கூடத் தெளிவாகத் தெரிந்தது. "படம் கண்ணாடி மாதிரி வருது, நெட்ல ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்கு ஓடினாள்.

"நாலு மணி வரைக்கும் அதை அனுப்பாத. நான் கொஞ்சம் படுத்து எழுந்துக்கறேன்."

அண்ணி நகரப் போகும்போது, சின்னி தனக்குள் பேசுவதுபோலச் சொன்னாள்.

"கையை வேற ஆட்டுறா. என் மூஞ்சிக்கு நேரா. போ போங்கிற மாதிரி. அப்புறம் விரலால திரையைத் தட்டுறா, எப்படா அணைக்கலாம்னு."

* * *

படுத்தாள். தலையணையில் கன்னம் பட்டதும் தூக்கம் வந்து அழுத்தியது. அதிலேயே இரவு பார்த்த ஒரு காட்சியும் வந்து நின்றது.

அதிகாலையில் வெளியூர் நிபுணர் ஒருவரோடு வீடியோவில் ஆலோசனை. நடுவில் அவர் முகம் உறைந்துவிட்டது. இந்தப் பக்கத்து டாக்டர் என்ன செய்தார்? கையைத் தூக்கித் திரைக்கு முன்னால் ஆட்டினார். "சார், தெரியுதா?" என்றார். பிறகு விரலால் திரையைத் தட்டினார்.

அண்ணி எழுந்து உட்கார்ந்தாள்.

குழந்தை 'போ' என்று கை ஆட்டவில்லை. அம்மா அசைகிறாளா என்று பார்த்திருக்கிறாள்.

இங்கே வருகிற படத்தைத்தான் அண்ணி பார்த்தாள். இங்கிருந்து போகிற படத்தைப் பார்க்கவே இல்லை. வருவது ஒரு வழி, போவது ஒரு வழி. வரும் வழி சுத்தமாக இருக்கும்போதே போகும் வழி அடைத்துக்கொள்ளலாம். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே அவள் சொல்லித் தருகிற விஷயம் இது.

தூக்கம் எங்கேயோ போய்விட்டது. அசதி மட்டும் போகவில்லை. தலையை அள்ளி முடிந்துகொண்டு, லேப்டாப்பை எடுத்துக்கொண்டு சின்னியின் அறைக்கு வந்தாள்.

"சின்னி, பொம்மியோட பேசற டேப்லெட்ல எனக்குக் கூப்பிடு. என் போனை வைஃபைல இல்லாம மொபைல் லைன்ல வெச்சிருக்கேன். வெளியில இருக்கிற ஆள் மாதிரி."

"எதுக்கு அண்ணி?"

"கூப்பிடேன்."

அழைப்பு வந்தது. அண்ணி கூடத்துக்குப் போய் நின்று எடுத்தாள். சின்னியின் முகம் நன்றாகத் தெரிந்தது. குரலும் நன்றாகக் கேட்டது.

"ஏதாவது பேசிக்கிட்டே இரு" என்று சொல்லிவிட்டு, லேப்டாப்பிலிருந்து ஒரு பெரிய ஃபைலை வெளியே அனுப்ப ஆரம்பித்தாள்.

பத்து விநாடி. சின்னியின் குரல் இழுபட்டது, அறுந்தது, நின்றது. முகம் பாதி மூடிய கண்ணும் இறுக்கிய உதடுமாக அப்படியே உறைந்தது. யாரோ பிடிக்காத ஒருவரைப் பார்க்கிற முகம் போல இருந்தது.

அறைக்குள்ளிருந்து சின்னியின் நிஜக் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. "என்ன பேசறது அண்ணி... நீங்க நல்லாத் தெரியறீங்க... கேக்குதா உங்களுக்கு?"

அண்ணி போனை நீட்டிப் பிடித்தபடி அறைக்குள் போனாள்.

சின்னி தன் முகத்தைப் பார்த்தாள். பேச்சு நின்றுவிட்டது. கையிலிருந்த டேப்லெட்டில் அண்ணி தெளிவாக அசைந்துகொண்டிருந்தாள். அண்ணியின் போனில் சின்னி மட்டும் அசையவில்லை.

"இதைத்தான் பொம்மி பாத்திருக்கா" என்றாள் அண்ணி.

சின்னி அழுவாள் என்று நினைத்தாள். அழவில்லை. கணக்குப் போட்டாள்.

"அஞ்சு வாரம்" என்றாள். "ஒரு வாரத்துக்கு இருபத்தஞ்சு நிமிஷம். அவ்வளவு நேரம் இந்த மூஞ்சியையா பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா?"

மேசைமேல் இருந்த கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தாள். கிழித்ததில் கோபம் இல்லை. தப்பாக வெட்டிய துணியை ஓரம் தள்ளுகிற மாதிரித்தான் இருந்தது.

"சரி பண்ண முடியுமா அண்ணி? நாலு மணிக்குள்ள?"

"பண்றேன்" என்றாள் அண்ணி. எப்படி என்று அப்போது அவளுக்கே தெரியாது.

* * *

அந்த வீட்டு ரூட்டர் கடையில் வாங்கியதல்ல. மருத்துவமனை கழித்துப்போட்ட ஒரு சின்னக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து, லினக்ஸ் போட்டு, அண்ணியே கட்டியது. செருப்பு அலமாரியின் மேல்தட்டில் இருக்கும். பின்பக்கம் வயர் செருக மூன்று போர்ட்.

வெளியே போகும் தகவல் துண்டுகளை, அதாவது பாக்கெட்டுகளை, மூன்று வரிசையாகப் பிரிக்க அதில் விதி எழுதியிருந்தாள். வீடியோவும் பேச்சும் முதல் வரிசை. மற்ற சில்லறை வேலைகள் இரண்டாவது. பெரிய பெரிய ஃபைல்கள் கடைசி வரிசை. வழி காலியாக இருந்தால் போகலாம், இல்லாவிட்டால் காத்திருக்க வேண்டும். அந்த விதி வேலை செய்திருந்தால், எந்த ஃபைல் போனாலும் சின்னியின் முகம் உறைந்திருக்கக் கூடாது.

அலமாரிக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். மாமனார் வந்து நின்றார். நில அளவையராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் தள்ளி நின்று ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது இன்னும் போகவில்லை.

"தூங்கலியாம்மா?"

"தூங்கலாம் மாமா. இது ஒண்ணு முடிஞ்சதும்."

ஒவ்வொரு வரிசையிலும் இதுவரை எத்தனை பாக்கெட் போயிருக்கிறது என்று கேட்டாள். கம்ப்யூட்டர் சொன்னது. முதல் வரிசை பூஜ்யம். இரண்டாவது பூஜ்யம். மூன்றாவதும் பூஜ்யம்.

கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி கேட்டாள். அதே பூஜ்யம்தான். வீட்டில் எல்லோரும் நெட் பார்க்கிறார்கள், ஆனால் ஒரு பாக்கெட்கூட இந்த வரிசைகள் வழியாகப் போகவில்லை. அப்படியானால் எந்த வழியாகப் போகிறது?

எட்டிப் பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்தாள். வெளியிலிருந்து வரும் வயர் மூன்றாவது போர்ட்டில் இருந்தது. அவள் விதி எழுதியதோ முதல் போர்ட்டுக்கு.

"மாமா, மோடம் மாத்த கம்பெனி ஆள் எப்ப வந்தார்?"

"ஆறு வாரம் இருக்கும். முதல் ஓட்டையில வயர் நிக்கல, கிளிப்பு ஒடைஞ்சிருக்குன்னு மூணாவதுல குத்திட்டுப் போனாரு. நெட்டு வரல. உனக்குப் போன் போட்டேன். நீ ஒவ்வொரு எழுத்தா சொன்னே, நான் ஒத்தை விரலால அடிச்சேன். வந்துடுச்சே?" அவர் முகத்தில் அன்றைய பெருமை இன்னும் இருந்தது.

வந்துவிட்டதுதான். அண்ணி சுவரில் தலையைச் சாய்த்தாள். அன்றைக்கு மருத்துவமனையில் தலைக்கு மேல் வேலை. மூன்றாவது போர்ட்டை வெளிவாசலாக மாற்ற ஒரே ஒரு வரி. நெட் வந்தது. மற்றதை வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று போனை வைத்தாள். வீட்டுக்கு வந்தாள். தூங்கினாள். மறந்தாள்.

ஆறு வாரமாக அவளுடைய விதிகள் யாரும் போகாத வாசலில் நின்றுகொண்டிருந்தன.

"ஏதாவது தப்பா அடிச்சுட்டேனாம்மா?"

"நீங்க சரியாத்தான் அடிச்சீங்க மாமா. நான்தான் பாதியில விட்டுட்டேன்."

அவர் உள்ளே போய் ஒரு தம்ளர் டீ கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தார்.

விதிகளை மூன்றாவது போர்ட்டுக்கு மாற்றினாள். மறுபடி ஃபைலை அனுப்பிக்கொண்டே தாமதத்தை அளந்தாள். சும்மா இருக்கும்போது ஒரு பாக்கெட் போய்த் திரும்ப இருபது மில்லி விநாடி. இப்போது ஆயிரத்து எண்ணூறு. கிட்டத்தட்ட இரண்டு விநாடி.

வரிசைகளில் எண்கள் ஏறத் தொடங்கியிருந்தன. விதி வேலை செய்கிறது. ஆனாலும் அடைப்பு நீங்கவில்லை.

இங்கேதான் அவளுக்கு மூளை ஓடவில்லை. ஒரு மணி நேரம் விதிகளை வரிவரியாகப் படித்தாள். ஒரே வரியை ஐந்து தடவை படித்தாள். இரண்டு முறை கண் அசந்து தலை முன்னால் விழுந்தது. மருத்துவமனையாக இருந்தால் பக்கத்தில் யாரையாவது கூப்பிட்டு "இதைக் கொஞ்சம் பாரேன்" என்று சொல்லியிருப்பாள்.

"மாமா, இங்க வாங்களேன். நான் சொல்றதைச் சும்மா கேளுங்க. வாய்விட்டுச் சொன்னா எனக்கே புரியும்."

அவர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவள் வரிசைகளைப் பற்றிச் சொன்னாள். யார் முன்னால், யார் பின்னால் என்றெல்லாம் சொன்னாள். அவர் தலையாட்டிக்கொண்டே வந்து கடைசியில் கேட்டார்.

"மொத்த வழி எவ்வளவு அகலம்னு எழுதியிருக்கே?"

"இருபதுன்னு."

"அளந்தியா?"

அண்ணி அவரைப் பார்த்தாள்.

"இல்ல, பழைய பத்திரத்துல இருபதுன்னு இருக்கும். போய்ச் சங்கிலி போட்டா எட்டுதான் தேறும். நான் எத்தனை பாத்திருக்கேன்."

அளந்தாள். வெளியே போகும் வேகம், விநாடிக்கு எட்டு மெகாபிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. பழைய மோடமும் பழைய லைனும் கொடுத்தது இருபது. புதியது கொடுப்பது இவ்வளவுதான்.

இருபது போகும் என்று நம்பி ரூட்டர் எல்லாவற்றையும் தள்ளிவிட்டது. அதற்கு அப்பால் இருந்த கம்பெனி மோடம் எட்டுதான் போகும் என்று வாங்கித் தன்னிடம் குவித்துக்கொண்டது. வரிசை ரூட்டரில் நிற்கவே இல்லை, மோடமில் நின்றது. அங்கே அவளுடைய விதி செல்லாது.

இருபதை அழித்து ஏழு என்று எழுதினாள். மறுபடி ஃபைல். மறுபடி அளந்தாள்.

இருபத்தாறு. முப்பது. இருபத்தைந்து. ஃபைல் ஒரு பக்கம் போய்க்கொண்டே இருந்தது.

"வந்துடுச்சா?" என்றார் மாமனார்.

"வந்துடுச்சு மாமா." சிரிக்கத்தான் நினைத்தாள். கொட்டாவிதான் வந்தது.

இந்த முறை விதியைச் சேமித்தாளா என்று மூன்று தடவை சரிபார்த்தாள். பெட்டியை ஒருமுறை அணைத்துப் போட்டு, விதி அப்படியே இருக்கிறதா என்றும் பார்த்தாள். மணி மூன்று ஆகியிருந்தது.

* * *

எழுந்திருக்கப் போனவளை ஒரு கேள்வி உட்காரவைத்தது. இன்று ஃபைலை அனுப்பியது அவள். ஐந்து சனிக்கிழமையாக அனுப்பியது யார்? அதுவும் நாலு மணிக்கு மேல் மட்டும்?

எந்தக் கருவி எப்போது எவ்வளவு அனுப்பியது என்று ரூட்டர் தினமும் குறித்து வைக்கும். போன சனிக்கிழமையைத் திறந்தாள். நாலு மணி ஐந்து நிமிடத்திலிருந்து நாலரை தாண்டும் வரை போகும் வழியை ஒரே ஒரு கருவி அடைத்துக்கொண்டிருந்தது. அதன் பெயரை அவளே முன்பு எழுதி வைத்திருந்தாள். 'மாமா போன்'.

செய்தி படிக்கவும் வானிலை பார்க்கவும் தவிர அந்தப் போனை அவர் தொட்டு அவள் பார்த்ததில்லை.

"மாமா" என்றாள் மெதுவாக. "சனிக்கிழமை நாலு மணிக்கு உங்க போன் எங்க இருக்கும்?"

அவர் முகம் மாறிவிட்டது. சின்னியின் அறைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"அவகிட்ட சொல்லிடாதேம்மா. நம்ம வக்கீலம்மாதான் கோர்ட் வராந்தாவுல வெச்சுச் சொன்னாங்க. குழந்தை எப்படிப் பேசுது, எப்படி இருக்குன்னு பதிவு இருந்தா நமக்கு நல்லதுன்னு. அவகிட்ட சொன்னா, கேமரா இருக்குன்னு விறைச்சுப் போயிடுவா. அதான் நூல்கண்டு அலமாரி மேல, பெட்டிக்குப் பின்னால வெச்சேன். அது எடுக்க எடுக்கத் தானா எங்கேயோ சேமிச்சு வெச்சுக்குமாம். அஞ்சஞ்சு நிமிஷமா."

முதல் ஐந்து நிமிடம் படம் பிடிக்கும். பிறகு அதை நெட் வழியாக வெளியே அனுப்ப ஆரம்பிக்கும். ஐந்தாவது நிமிடத்தில் குழந்தை வாயை மூடிக்கொள்வது ஏன் என்று இப்போது தெரிந்தது.

அண்ணி விளக்கிச் சொன்னாள். சொல்லாமல் விட்டிருக்கலாமோ என்று பாதியில் தோன்றியது, ஆனால் நிறுத்த முடியவில்லை. அவர் கேட்டு முடித்ததும் முக்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப, குழந்தைகிட்டேருந்து இவளைப் பிரிச்சது நானா?"

"நீங்க மட்டும் இல்ல மாமா. நான் விதியைப் பாதியில விட்டேன். அது சரியா இருந்தா உங்க போன் எவ்வளவு அனுப்பினாலும் ஒண்ணும் ஆகியிருக்காது."

"நீயே அவகிட்ட..."

"நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்."

மூன்றரைக்கு அவர் சின்னியின் அறைக்குள் போனார். அண்ணி கூடத்திலேயே நின்றாள். முதலில் அவர் குரல் மட்டும் கேட்டது. பிறகு சின்னி.

"நான் அழுததெல்லாம் படம் புடிச்சீங்களாப்பா?"

"உனக்காகத்தான்மா..."

"ஒவ்வொரு வாரமும் அவ போனதுக்கப்புறம் நான் இந்த மெஷின்ல தலையை வெச்சுக்கிட்டுக் கிடந்தது? அதுவுமா? எங்கேயோ சேமிச்சிருக்கா?"

உள்ளே மெஷின் நாற்காலி பின்னால் நகர்ந்தது.

"யாரும் பாக்கலேன்னு நினைச்சு அழுதேன்ப்பா. அந்த ஒரு இடமாவது எனக்குன்னு இருக்குன்னு நினைச்சேன்."

மணி மூன்று நாற்பத்தைந்து. உள்ளே போகலாமா வேண்டாமா என்று அண்ணி தவித்தாள். இன்று ஒரு நாள் தவறினாலும் எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் சின்னி இப்போதிருக்கும் நிலையில் எப்படிக் குழந்தையிடம் பேசுவாள்?

மாமனார் எக்கி அலமாரிமேல் கைவிட்டுப் போனை எடுத்தார். மகளிடம் நீட்டினார். "நீயே அணைச்சுடு. அதுல இருக்கிறதையும் நீயே அழிச்சுடு. நான் இனிமே உனக்குத் தெரியாம எதுவும் செய்ய மாட்டேன்."

சின்னி வாங்கி அணைத்தாள். மெஷின் இழுப்பறைக்குள் போட்டு மூடினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்பாவைப் பார்க்காமல், "அண்ணி, முடி சரியா இருக்கா?" என்றாள்.

அவர் வெளியே வந்து கூடத்து ஜன்னலோரம் போய், தெருவைப் பார்த்து நின்றுகொண்டார்.

* * *

நாலு மணிக்கு அழைப்பு போயிற்று. அண்ணி அறை வாசற்படியில் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். மடியில் லேப்டாப். முதல் வரிசையின் எண்கள் ஏறிக்கொண்டிருந்தன.

பொம்மி வந்தாள். நேராக உட்கார்ந்தாள். பரீட்சைக்கு உட்கார்ந்த மாதிரி கையைக் கட்டிக்கொண்டாள். சின்னி பேசினாள். பள்ளிக்கூடம், தோழி, ஆடுகிற பல். குழந்தை ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னாள். அடிக்கடி திரையின் மூலையில் மணியைப் பார்த்தாள்.

ஐந்து நிமிடம் ஆயிற்று. ஆறு. சின்னி எதையோ சொல்லிக்கொண்டே கன்னத்தில் ஒட்டிய முடியை ஒதுக்கினாள்.

பொம்மி கையை அவிழ்த்துவிட்டுத் திரைக்குப் பக்கத்தில் வந்தாள். மூக்குதான் பெரிதாகத் தெரிந்தது. கையைத் தூக்கி ஆட்டினாள்.

சின்னியும் கையைத் தூக்கி ஆட்டினாள்.

"அம்மா! நீ அசையற!"

"அசையறேன்டி செல்லம். அசையறேன்."

"நீ ஏன் எப்பவும் கோவமா மூஞ்சிய வெச்சுக்கிட்டு அப்படியே இருந்த? நான் கூப்பிட்டேன் தெரியுமா? மனசுக்குள்ளயே கூப்பிட்டேன்."

"அது கோவமில்லடி. இங்க வயர் கோளாறு. அம்மா பேசிக்கிட்டேதான் இருந்தேன். உனக்கு வந்து சேரல. அத்தைதான் இன்னிக்குச் சரி பண்ணாங்க."

"வயரா?"

"வயர்தான்."

குழந்தை அதைக் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு "ஓ" என்றாள். அவ்வளவுதான். ஐந்து வாரத்தை ஒரு 'ஓ'வில் முடித்துவிட்டுப் பேச ஆரம்பித்தாள். மடை திறந்த மாதிரி பேசினாள். அண்ணி எண்களைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு நிலைப்படியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அந்தச் சின்னக் குரலைக் கேட்டுக்கொண்டே கண்ணை மூடினாள். ஜன்னலோரம் நின்ற மாமனாரின் தோள் குலுங்குவதை அதற்கு முன் பார்த்துவிட்டாள். பார்க்காததுபோல இருந்துவிட்டாள்.

எவ்வளவு நேரம் அசந்தாளோ, பொம்மி சொன்ன ஏதோ ஒன்று அவளை உலுக்கி எழுப்பியது.

"...என் கலர் பென்சில் எல்லாம் பெட்டியில போட்டு ஒட்டியாச்சும்மா. அதான் உனக்குப் படம் வரைய முடியல."

"எதுக்குடி பெட்டியில போட்டாங்க?"

"போறதுக்கு. வெள்ளிக்கிழமை. அங்க போனா நாலு மணிக்கு உன்கூடப் பேச முடியாதாம். இங்க நாலு மணின்னா அங்க நடு ராத்திரியாம். நான் தூங்கிடுவேனாம்." குழந்தை சட்டென்று குரலைக் குறைத்தாள். "அப்பா இதைச் சொல்லக் கூடாதுன்னாரு. ஆனா நீ இப்ப அசையற இல்ல, அதான் சொன்னேன்."

"பொம்மி, எங்கடா போறீங்க? எந்த..."

பக்கத்திலிருந்து ஓர் ஆண்குரல், "டைம் ஆச்சு" என்றது. திரை கறுத்தது. மணி சரியாக நாலரை.

சின்னி கறுத்த திரையைப் பார்த்தபடியே கேட்டாள். "அண்ணி. இங்க நாலு மணின்னா அங்க ராத்திரின்னா என்ன அர்த்தம்?"

அண்ணிக்கு அர்த்தம் தெரியும். சின்னிக்கும் தெரியும் என்பதும் தெரியும்.

"வேற நாடு" என்றாள்.

குழந்தை மனம் நொந்துபோகிறாள் என்று எழுதிய அந்தக் கடிதம், மாதம் ஒருமுறை போதும் என்ற அந்தக் கரிசனம், திங்கட்கிழமைக்குள் கையெழுத்து வேண்டும் என்ற அந்த அவசரம். எல்லாம் ஒரு விநாடியில் வேறு மாதிரியாகத் தெரிந்தன.

மாமனார் அதற்குள் வக்கீலம்மாவுக்குப் போன் போட வீட்டுத் தொலைபேசியை எடுத்திருந்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. சனிக்கிழமை மாலை. அலுவலகம் இனித் திங்கட்கிழமைதான்.

"வக்கீலம்மா வீடு எனக்குத் தெரியும்" என்றாள் சின்னி. அறையிலிருந்து வந்தபோது தோளில் பை இருந்தது. "நீங்க போய்ப் படுங்க அண்ணி. நேத்து ராத்திரிலேருந்து தூங்கல. மூஞ்சியைப் பாருங்க. நான் அப்பாவோட போறேன்."

அப்பாவோட என்று அவள் சொன்னதை மாமனாரும் கேட்டார். சட்டையை மாட்டிக்கொண்டே வேகமாக வந்தார்.

அண்ணி லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு, சுவரைப் பிடித்து எழுந்தாள். காலையில் உதறித் தள்ளிய செருப்பில் ஒன்று அலமாரிக்கடியில் போயிருந்தது. குனிந்து, கையைவிட்டுத் துழாவ ஆரம்பித்தாள்.

"இருங்க, நானும் வர்றேன்."